பச்சை மதிப்பெண்ணை நம்பி பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள்

மருத்துவமனையின் புற்றுநோய்ச் சிகிச்சை மேற்பார்வைக் குழுவுக்கு,

உங்கள் சுற்றறிக்கையில் மூன்று முடிவுகள் உள்ளன. ஒன்று, நுரையீரல் சி.டி. ஸ்கேன் அறிக்கைகளில் கட்டியின் டெக்ஸ்சரை, அதாவது படத்தில் தெரியும் கரடுமுரடை, கணக்கிட்டு மென்பொருள் தரும் மதிப்பெண் இனி அச்சாகும். அது பச்சையாக (ஆபத்து குறைவு என்று) இருந்தால், ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம். இரண்டு, அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டியை ஸ்கேன் படத்தோடு பொருத்திப் பார்த்து வெட்டும் வேலையை, ஸ்கேன் படங்களைப் படிக்கும் ரேடியாலஜியும் திசுவைச் சோதிக்கும் பேத்தாலஜியும் சேர்ந்து செய்துவந்தன. நேரம் வீணாகிறது என்று அது நிறுத்தப்படுகிறது. மூன்று, சர்வரில் இடமில்லாததால் சி.டி.யின் மெல்லிய ஸ்லைஸ்கள் (குறுக்குவெட்டுப் படங்கள்) அழிக்கப்படும். 5 மில்லிமீட்டர் ஸ்லைஸ்கள் மட்டும் இருக்கும்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நிர்வாகக் காரணம் தெரிகிறது. சேர்த்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஒரு எண்ணை நம்பச் சொல்கிறீர்கள்; அந்த எண் சரிதானா என்று பார்க்க இருந்த இரண்டு வழிகளையும் அதே தாளில் அடைத்துவிடுகிறீர்கள். நான் பேத்தாலஜியில் வேலை செய்பவள். அந்தக் கட்டிகள் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகின்றன. இதற்கு என்னால் வாய்மூடி இருக்க முடியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஸ்கேன் டெக்ஸ்சரில் உயிரியல் இல்லை என்று வாதாட நான் வரவில்லை. இருக்கிறது என்று நம்பித்தான் பொருத்தி வெட்டும் வேலைக்கு முதலில் கை தூக்கினேன். ஒரு கட்டி முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓரத்தில் ரத்தநாளங்கள் புதிதாக முளைத்திருக்கும். நடுவில் ஆக்சிஜன் போதாமல் செல்கள் செத்துக் கிடக்கும். இன்னொரு பக்கம் நார்த்திசு இறுகியிருக்கும். மரபணு மாற்றங்களும் இடத்துக்கு இடம் மாறும். 2012இல் வெளிவந்த சிறுநீரகப் புற்றுநோய் ஆய்வு ஒன்றில், ஒரே கட்டியின் பல இடங்களிலிருந்து திசு எடுத்துப் படித்தார்கள். கண்ட மாற்றங்களில் 63 முதல் 69 விழுக்காடு எல்லா இடங்களிலும் இருக்கவில்லை. பயாப்சி ஊசி ஒரு நூலளவு திசுவைத்தான் கொண்டுவருகிறது. ஸ்கேன் கட்டி முழுவதையும் பார்க்கிறது. 2007இல் கல்லீரல் புற்றுநோயில் 28 ஸ்கேன் அடையாளங்களை வைத்தே மரபணு வெளிப்பாட்டின் பெரும்பகுதியை, 78 விழுக்காட்டை, மீட்டெடுக்க முடிந்ததாக ஒரு குழு காட்டியது. அதைப் படித்தபோது எனக்கும் ஆசை பிறந்தது. ஸ்கேன் படங்களிலிருந்து எண்களை எடுத்துக் கட்டியைப் பற்றிக் கணிக்கும் ரேடியோமிக்ஸ் என்ற துறையே இந்த ஆசையில் வளர்ந்ததுதான்.

ஆனால் மென்பொருள் உண்மையில் எதை அளக்கிறது என்பதைக் குழுவில் யாராவது கேட்டீர்களா? கட்டிக்குள் ஒரு சாம்பல் அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு சாம்பல் அளவு எத்தனை தடவை வருகிறது என்று அது எண்ணுகிறது. அதை ஓர் அட்டவணையில் போட்டு அதிலிருந்து என்ட்ரோபி (சாம்பல் அளவுகள் எவ்வளவு ஒழுங்கற்றுக் கலந்திருக்கின்றன), கான்ட்ராஸ்ட் (பக்கத்துப் புள்ளிகள் எவ்வளவு வேறுபடுகின்றன) போன்ற எண்களைப் பிழிந்து எடுக்கிறது. 1973இல் ஹாராலிக்கும் அவருடைய சகாக்களும் முன்வைத்த முறை இது. அவர்கள் சோதித்துப் பார்த்தது மணற்பாறைகளின் நுண்படங்களிலும், வான்வழிப் படங்களிலும், செயற்கைக்கோள் படங்களிலும். அதனால் முறை தப்பு என்று ஆகிவிடாது. ஒரு கணக்கு எங்கிருந்து வந்தது என்பது முக்கியமில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குச் செல், ரத்தநாளம், நெக்ரோசிஸ் (செத்த திசு) எதுவும் தெரியாது. ஒரு கன மில்லிமீட்டர் கட்டியில் லட்சக்கணக்கான செல்கள் இருக்கின்றன. அவை அத்தனையும் சேர்ந்து ஸ்கேனில் ஒரே ஒரு சாம்பல் புள்ளியாகத்தான் விழுகின்றன. அந்தப் புள்ளிக்குள் என்ன இருந்தது என்பதைத் திசுதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் நிறுத்திய வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். நுரையீரல் மடல் வந்ததும் மூச்சுக்குழல் வழியாகத் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினை ஏற்றி, உடலுக்குள் இருந்த அளவுக்கு ஊத வைப்போம். அப்படிச் செய்யாவிட்டால் அது சுருங்கிப் போய்விடும், ஸ்கேன் படத்தோடு எதுவும் பொருந்தாது. முன்பக்கம், பின்பக்கம், மேல், கீழ் என்று வெவ்வேறு நிற மை தடவுவோம். பிறகு எங்கள் வழக்கப்படி வசதியான பக்கம் வெட்டாமல், சி.டி. ஸ்லைஸ் போன அதே தளத்தில் வெட்டுவோம். ரேடியாலஜி மருத்துவர் பக்கத்தில் திரையோடு நிற்பார். "இந்த வெளிறிய இடம் எது?" என்று கேட்பார். நான் அந்த இடத்தைத் தனிக் கட்டமாக வெட்டித் தனி ஸ்லைடு போடுவேன்.

அப்படி வெட்டிய இரண்டு கட்டிகள் எனக்கு மறக்கவே மாட்டா. இரண்டுக்கும் மென்பொருள் ஏறக்குறைய ஒரே என்ட்ரோபியைத் தந்து சிவப்பு காட்டியிருந்தது. முதல் கட்டியை வெட்டியபோது நடுவில் மஞ்சளாக, பொலபொலவென்று உதிரும் இடம். ஸ்லைடில் பார்த்தால் செத்த செல்களின் வெறும் நிழல்கள். ஸ்கேனில் தெரிந்த கரடுமுரடு அந்த நெக்ரோசிஸ்தான். இரண்டாவது கட்டியில் செத்த திசு எதுவும் இல்லை. புற்றுச்செல்கள் காற்றறைகளின் சுவர்களைப் பற்றிக்கொண்டு மெல்லப் படர்ந்திருந்தன. அறைகளுக்குள் காற்று அப்படியே இருந்தது. லெபிடிக் வளர்ச்சி என்போம். நுரையீரல் அடினோகார்சினோமாவில் (சுரப்பிச் செல் வகைப் புற்றுநோயில்) நோயாளிக்குச் சாதகமான வகை. காற்றும் திசுவும் மாறி மாறி வந்ததால் படம் கரடுமுரடாகிவிட்டது. எண் ஒன்றேதான், உயிரியல் நேரெதிர்.

சிவப்பைப் பற்றித்தானே சொல்கிறாய், வீணாகச் சிலருக்கு பயாப்சி எடுப்போம், அவ்வளவுதானே என்று நீங்கள் கேட்கலாம். என் பயம் பச்சையைப் பற்றியது. இடைவெளியே இல்லாமல் செல்கள் திண்ணென்று அடைந்து வளரும் கட்டி ஸ்கேனில் எப்படித் தெரியும்? வழவழவென்று, ஒரே சீராக. மென்பொருள் அதற்குக் குறைந்த என்ட்ரோபி தரும், பச்சை விழும். 2020இல் ஐ.ஏ.எஸ்.எல்.சி. என்ற சர்வதேச நுரையீரல் புற்றுநோய் ஆய்வுச் சங்கத்தின் குழு முன்வைத்த தரப்படுத்தலின்படி, இப்படிப்பட்ட திண்ம அமைப்பும் அதைப் போன்ற மோசமான அமைப்புகளும் கட்டியில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அது மூன்றாம் தரம், அதாவது மிக மோசமான தரம். அப்படி ஒரு கட்டியை நான் வெட்டினேன். மென்பொருள் பச்சை காட்டிய கட்டி. ஸ்லைடில் ஒரு சுரப்பி வடிவம்கூட இல்லை. விளிம்பிலிருந்து விளிம்பு வரை செல் கூட்டம், அதன் நடுவே பிரிந்துகொண்டிருக்கும் செல்கள். உங்கள் சுற்றறிக்கை அப்போது நடைமுறையில் இல்லாததால் அந்த நோயாளி உரிய நேரத்தில் அறுவை மேசைக்குப் போனார். இன்று வந்திருந்தால் மூன்று மாதம் வீட்டில் இருந்திருப்பார்.

மென்பொருளை விற்ற நிறுவனம் தந்த தாளில் "ஆயிரத்துக்கும் மேற்பட்ட அம்சங்களை ஆராய்ந்து தேர்ந்தெடுத்தது" என்று பெருமையாக இருக்கிறது. எனக்கு அது பயமுறுத்தும் வாக்கியம். ஒன்றுக்கும் உதவாத ஆயிரம் எண்களை எடுத்து, வழக்கமான ஐந்து விழுக்காட்டு அளவுகோலை வைத்தால், சுமார் ஐம்பது எண்கள் தற்செயலாகவே "தொடர்பு உண்டு" என்று வந்து நிற்கும்.

பெரிய பெயர் பெற்ற ஆய்வுகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2014இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட நுரையீரல், தலை கழுத்துப் புற்றுநோயாளிகளின் ஸ்கேன்களில் 440 அம்சங்களை அளந்த ஆய்வு ஒன்று வந்தது. அதில் எடுத்த நான்கு அம்சங்களைச் சேர்த்த அளவுகோல், அவர்கள் சொல்லில் முத்திரை, நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்பதைக் கணித்தது. கட்டியின் மரபணு வெளிப்பாட்டோடும் தொடர்பு காட்டியது. இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டும் கட்டுரை அது. 2019இல் வேறொரு குழு அந்த முத்திரையை எடுத்துக் கட்டிக்குள் இருந்த வோக்ஸல்களை, அதாவது படத்தின் முப்பரிமாணப் புள்ளிகளை, குலுக்கி இடம் மாற்றிப் போட்டது. டெக்ஸ்சர் என்று ஒன்று மிஞ்ச வழியே இல்லை. ஆனாலும் முத்திரை முன்போலவே கணித்தது. காரணம், அது பெரும்பாலும் கட்டியின் பருமனைத்தான் வேறு பெயரில் அளந்துகொண்டிருந்தது. பெரிய கட்டி ஆபத்து என்பதை அறிய மென்பொருள் வாங்கத் தேவையில்லை; ஸ்கேல் போதும். நாம் வாங்கியதை யாராவது இப்படிக் குலுக்கிப் பார்த்தார்களா? கொள்முதல் கூட்டத்தில் இதைக் கேட்டேன். "அது நிறுவனத்தின் ரகசியம்" என்ற பதிலோடு அடுத்த பொருளுக்குப் போய்விட்டீர்கள்.

ஸ்கேனர் விஷயத்துக்கு வருகிறேன். ரேடியாலஜி நண்பர் ஒருவர் என் வற்புறுத்தலால் ஒரு வேலை செய்தார். சி.டி. இயந்திரம் மூல அளவீடுகளைக் கொஞ்ச காலம்தான் தன்னிடம் வைத்திருக்கும். அது அழிவதற்குள் ஒரே ஸ்கேனை இரண்டு விதமாகப் படமாக்கினார். ஒன்று மிருதுவான கெர்னலில், மற்றது கூர்மையான கெர்னலில். நோயாளி ஒரு தடவைதான் மூச்சைப் பிடித்தார். கட்டியில் ஒரு செல்கூட மாறவில்லை. மிருதுவான படத்துக்குப் பச்சை, கூர்மையான படத்துக்குச் சிவப்பு. இதில் வியப்புக்கு ஒன்றுமில்லை. கெர்னல் என்பதே படத்தின் இரைச்சலையும் விளிம்பையும் கூட்டிக் குறைக்கும் கருவி. டெக்ஸ்சர் எண்கள் பிறப்பதும் அங்கேதான். 2015இல் கார்க், மரம், ரப்பர் துணுக்குகள் போன்றவற்றை அடைத்த ஒரு மாதிரிப் பொருளைப் பல சி.டி. இயந்திரங்களில் வைத்துப் பார்த்தார்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் வந்த வித்தியாசம், நோயாளிக்கு நோயாளி நுரையீரல் கட்டிகளில் காணும் வித்தியாசத்தோடு ஒப்பிடும் அளவுக்கு இருந்தது. நம்மிடம் இருப்பது ஒரே இயந்திரம் இல்லை. ஒன்றில் இரைச்சலைக் குறைக்கும் புதிய படமாக்கல் முறை வந்தபின் பச்சை அதிகமாக விழுகிறது என்று டெக்னீஷியன்களே சொல்கிறார்கள். வருகிற நோயாளிகள் மாறவில்லை.

மெல்லிய ஸ்லைஸ்களை அழிப்பது சேமிப்பிடப் பிரச்சினை மட்டும்தான் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டைக் கட்டியின் கன அளவு சுமார் 270 கன மில்லிமீட்டர். பிக்சல் 0.7 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 1 மில்லிமீட்டர் ஸ்லைஸில் அந்தக் கட்டிக்குள் ஐந்நூற்றுக்கு மேல் வோக்ஸல்கள் கிடைக்கும். 5 மில்லிமீட்டர் ஸ்லைஸில் நூறு சொச்சம்; அவற்றிலும் பாதி சுற்றியுள்ள நுரையீரலோடு கலந்து போயிருக்கும். சாம்பல் அளவுகளை வெறும் 16 படிகளாகப் பிரித்தாலும் அட்டவணையில் 256 கட்டங்கள். நூறு சொச்சம் வோக்ஸல்களை வைத்து அதை நிரப்பி, கிடைக்கிற எண்ணுக்கு இரண்டு தசமப் புள்ளி வேறு போட்டு அறிக்கையில் அச்சடிக்கப் போகிறோம். சின்னக் கட்டிகளில்தான் "பயாப்சி வேண்டுமா, காத்திருக்கலாமா" என்ற கேள்வியே எழுகிறது என்பதையும் யோசியுங்கள். இன்று மெல்லிய ஸ்லைஸ்களை அழித்துவிட்டால், நாளைக்கு இதைவிட நல்ல முறை வந்தாலும் பழைய நோயாளிகளின் படங்களில் அதைச் சோதித்துப் பார்க்க வழியிருக்காது. ஸ்லைடுகளும் பாரஃபின் மெழுகில் பதித்த திசுத் துண்டுகளும் என் அலமாரியில் இருக்கும். அவற்றுக்கு ஜோடியான படம் இருக்காது.

பயாப்சியின் சிரமத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நுரையீரலில் ஊசி போட்டால் சிலருக்குக் காற்று கசிந்து நுரையீரல் சுருங்குகிறது. குழாய் போட வேண்டி வருகிறது. தேவையில்லாத பயாப்சியைக் குறைக்க வேண்டும் என்ற உங்கள் நோக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அதற்கு ஒழுங்கான வழி உண்டு. மூளைக் கட்டிகளில் நடந்ததைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ.யில் டி2 என்ற வகைப் படத்தில் கட்டி வெண்மையாகவும், ஃப்ளேர் என்ற வகைப் படத்தில் விளிம்பைத் தவிர மற்ற இடம் மங்கியும் தெரிகிற ஓர் அடையாளத்தை 2017இல் விவரித்தார்கள். ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் இருந்து, 1பி 19க்யூ என்ற குரோமோசோம் பகுதிகளின் இழப்பு இல்லாத கட்டிகளோடு அது நெருங்கிய தொடர்பு காட்டியது. கண்ணால் பார்க்கும் அடையாளம். வேறு மருத்துவமனைகளில் வேறு ஆட்கள் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள், எங்கே தப்புகிறது என்பதையும் எழுதினார்கள். ஒவ்வொரு தடவையும் பதிலைச் சொன்னது திசுவும் மரபணுச் சோதனையும். புரோஸ்டேட்டில் நோயாளியின் எம்.ஆர்.ஐ.யை வைத்தே முப்பரிமாண அச்சுப்பொறியில் ஒரு வார்ப்புக்கூடு செய்து, வெளியே எடுத்த சுரப்பியை அதில் உட்கார வைத்து, ஸ்கேன் போன தளத்திலேயே வெட்டுகிறார்கள். எங்கள் மேசையில் நடந்ததும் அந்த வகை வேலைதான், எளிய கருவிகளோடு.

அந்த வேலையை உங்கள் சுற்றறிக்கை "வருவாய் ஈட்டாத கூட்டுச் செயல்பாடு" என்று குறிப்பிடுகிறது. அந்தச் சொற்களைப் படித்தபோது கோபம் வந்தது உண்மை. மென்பொருளின் ஆண்டுச் சந்தாவுக்குக் கையெழுத்திட்ட அதே கூட்டத்தில், அதைச் சரிபார்க்கும் ஒரே மேசையை வரவு செலவுக் கணக்கு காட்டி மூடினீர்கள்.

நான் கேட்பது இவை.

சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து பச்சை மதிப்பெண்ணின் பேரில் பயாப்சி தள்ளிவைக்கப்பட்ட ஒவ்வொரு நோயாளியின் பட்டியலையும் எடுத்து, ட்யூமர் போர்டில் (பல துறை மருத்துவர்கள் கூடும் புற்றுநோய் ஆலோசனைக் கூட்டத்தில்) ரேடியாலஜி, பேத்தாலஜி, நுரையீரல் மருத்துவர்கள் மூவரும் மதிப்பெண்ணைப் பார்க்காமல் படங்களை மறுபடி பார்க்க வேண்டும். பயாப்சி தேவை என்று தோன்றுகிறவர்களை உடனே அழைக்க வேண்டும். ஏன் அழைக்கிறோம் என்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்ற வரியை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். மதிப்பெண்ணை நோயாளியின் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு ஆய்வுப் பதிவேட்டில் மட்டும் வையுங்கள். வண்ண வட்டம் எதிலும் வேண்டாம்; அவசரத்தில் இருக்கும் மருத்துவர் வண்ணத்தைத்தான் படிப்பார்.

மெல்லிய ஸ்லைஸ்களை அழிப்பதை நிறுத்துங்கள். இடம் போதாவிட்டால், அறுவையோ பயாப்சியோ நடந்த நோயாளிகளின் படங்களையாவது முழுமையாக வையுங்கள். அவற்றோடு இயந்திரம், கெர்னல், ஸ்லைஸ் தடிமன், மென்பொருள் பதிப்பு ஆகியவையும் பதிவாக வேண்டும்.

பொருத்தி வெட்டும் வேலைக்கு வாரத்தில் அரை நாள் திருப்பித் தாருங்கள். எல்லா உறுப்புகளுக்கும் கேட்கவில்லை; சம்மதம் தந்த நோயாளிகளின் நுரையீரல் மடல்கள் போதும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. எந்த அம்சங்களைப் பயன்படுத்துகிறார்கள்? 2020இல் ஐ.பி.எஸ்.ஐ. என்ற, ஸ்கேன் பட அளவீடுகளைத் தரப்படுத்தும் முயற்சியில் 25 ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து 169 அம்சங்களின் வரையறையை ஒழுங்குபடுத்தின; அந்த வரையறைக்கு இவர்களுடைய கணக்கு ஒத்துப்போகிறதா? வோக்ஸல்களைக் குலுக்கினால் மதிப்பெண் என்ன ஆகிறது? கட்டியின் பருமனை மட்டும் வைத்துக் கணித்தால் வருவதைவிட இது எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறது, அதுவும் நம் இயந்திரங்களில் எடுத்த படங்களில்? ரகசியம் என்றே திரும்பவும் சொன்னால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள்.

மற்றவற்றுக்கு அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் தந்தால் போதும். அந்த நோயாளிகளின் பட்டியல் அதுவரை காத்திருக்க முடியாது. பெயர்களை எடுக்கும் வேலையை இந்த வாரமே தொடங்க உத்தரவிடுங்கள். ஸ்லைடுகளையும் பதிவேடுகளையும் ஒப்பிடும் பங்கை என் துறை செய்யும்.

இப்படிக்கு,
பேத்தாலஜி துறை மருத்துவர் ஒருவர்